பன்னிரண்டு நாளாகியும் நிற்கவில்லை என்றால்

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இருக்கும் ஒரு தங்கை கேட்டிருந்தார். வயது 29. கணவர் வேலைக்காக இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. நாள் தள்ளிப்போய், ஏழாவது வாரத்தில் கருக்கலைப்பு மாத்திரை எடுத்துக்கொண்டார். ஊரிலிருந்து வந்தவர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்த கிட் அது. பன்னிரண்டு நாளாகிறது, இன்னும் ரத்தம் படுகிறது. திருச்சியில் இருக்கும் அம்மா, "உடனே போய்க் கழுவி விட்டுடு, இல்லாட்டி கர்ப்பப்பை கெட்டுடும்" என்று ஃபோனில் தினமும் சொல்கிறார். இது ஆபத்தா, ஸ்கேன் எடுக்கணுமா, இன்னொரு குழந்தை பிறக்குமா என்பதுதான் அவருடைய கேள்வி.

தங்கச்சி, முதலில் ஒரே ஒரு கணக்கு சொல்லுங்கள். நேற்று காலையிலிருந்து இன்று காலை வரை எத்தனை பேட் மாற்றினீர்கள்? மூன்றோ நாலோ, அதுவும் முழுக்க நனையாமல் பழுப்பும் சிவப்புமாகப் பட்டிருந்தது என்றால் பதற வேண்டாம், உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். பெரிய சைஸ் பேட் ஒரு மணி நேரத்தில் இரண்டு, அடுத்த மணி நேரத்தில் மறுபடி இரண்டு என்று முழுசாக ஊறிப்போகிறது என்றால் படிப்பதை நிறுத்திவிட்டு 10177-க்கு அடியுங்கள். கைப்பேசியிலிருந்து 112-உம் போகும். ஆம்புலன்ஸ் வரத் தாமதமானால் பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏறிப் போங்கள். ரத்தம் பின் சீட்டில் பட்டால் அப்புறம் கழுவிக்கொள்ளலாம்.

நான் மிட்வைஃப். பாளையங்கோட்டையில் படித்துவிட்டு இங்கே வந்து பிரசவ வார்டிலும் பெண்கள் வார்டிலும் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள். இந்தப் பன்னிரண்டாம் நாள் பயத்தை எத்தனையோ முகங்களில் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு நாள் ரத்தம் படுவது சாதாரணம். இந்த மாத்திரைக்குப் பிறகு சராசரியாக 9 முதல் 16 நாள் வரை படும். நூறு பேரில் எட்டுப் பேருக்கு முப்பது நாள் வரையிலும், அதற்கு மேலும்கூட நீளும். நாளை எண்ணிப் பயனில்லை. ரத்தம் போகப் போகக் குறைகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. இரண்டு நாள் நின்றுவிட்டு மூன்றாம் நாள் மறுபடி படும், வேலை அதிகமாகச் செய்த அன்று கொஞ்சம் கூடும், மறுநாள் வெறும் கறை மட்டும் இருக்கும். அப்படித்தான் போகும்.

உங்கள் கையில் வந்தது ஊரில் மெடிக்கலில் விற்கிற கிட்தானே? ஒரு அட்டையில் தனியாக ஒரு மாத்திரை, அதோடு நாலு. தனியாக இருப்பது மிஃபெப்ரிஸ்டோன், 200 மில்லிகிராம். கருவைத் தாங்கிப் பிடித்திருக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனை வேலை செய்ய விடாமல் தடுப்பது அது. ஒன்றிரண்டு நாள் கழித்து வாயிலோ கீழேயோ வைக்கிற நாலும் மிசோப்ரோஸ்டால், ஒவ்வொன்றும் 200 மைக்ரோகிராம். கர்ப்பப்பையைச் சுருக்கி உள்ளே இருப்பதை வெளியே தள்ளுவது அது. உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இந்த அளவுதான். அளவில் எனக்குச் சந்தேகம் இல்லை. அட்டை எப்படி வந்து சேர்ந்தது என்பதில்தான் சந்தேகம். மிசோப்ரோஸ்டாலுக்கு ஈரம் ஆகாது. அலுமினிய அட்டை கிழிந்தோ ஓட்டை விழுந்தோ இருந்தால், டர்பன் மாதிரி கடலோரப் புழுக்கத்தில் மாத்திரை வீரியம் குறைந்துபோகும். பார்ப்பதற்கு மாத்திரை மாதிரியே இருக்கும், வேலை பாதிதான் நடக்கும்.

அதனால் இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். அந்த நாலு மாத்திரை வைத்த அன்று என்ன நடந்தது? ஒன்றிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் வயிற்றைப் பிசைந்து, மாதவிடாயைவிட அதிகமாகக் கட்டி கட்டியாகப் போயிருக்க வேண்டும். குளிர் நடுக்கம், கொஞ்சம் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு எல்லாம் அன்று வந்து அன்றே போயிருந்தால் அது மிசோப்ரோஸ்டாலின் குணம். அப்படி நடந்து, கர்ப்பத்தால் வந்த வாந்தியும் மார்பக வலியும் ஒரு வாரத்தில் அடங்கியிருந்தால் பெரும்பாலும் முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஒன்பது வாரத்துக்குள் முறையாக எடுத்தவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் மாத்திரையோடு முடிந்துவிடும். மீதிப் பேரில் பெரும்பாலானோருக்கு உள்ளே கொஞ்சம் தங்கியிருக்கும். ஒருவருக்கோ என்னவோ கர்ப்பமே தொடரும்.

அந்த ஒருவருக்காகத்தான் பின்தொடர் பரிசோதனை என்று ஒன்று இருக்கிறது. இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மாத்திரை போட்டும் கர்ப்பம் தொடர்ந்தால், சரி, கடவுள் கொடுத்தது என்று அப்படியே விட்டுவிடக் கூடாது. ஆரம்ப வாரங்களில் மிசோப்ரோஸ்டால் பட்ட குழந்தைக்குக் கை கால் குறை, முக நரம்பு செயல்படாமல் போகும் மோபியஸ் குறைபாடு போன்றவை வர வாய்ப்பு கூடுகிறது. எல்லாக் குழந்தைக்கும் வராது, ஆனாலும் டாக்டரிடம் சொல்லாமல் விடக்கூடிய விஷயம் இல்லை.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் நிறையப் பேர் பணத்தையும் தூக்கத்தையும் இழக்கிறார்கள். பத்தாம் நாள் ஃபார்மசியில் கர்ப்ப டெஸ்ட் கிட் வாங்கிப் பார்ப்பார்கள், இரண்டு கோடு வரும், வீட்டில் அழுகை. கர்ப்பம் கலைந்த பிறகும் அந்த டெஸ்ட் காட்டுகிற கர்ப்ப ஹார்மோன் சிறுநீரில் நாலு வாரம் வரை தங்கும். ஆகவே மிசோப்ரோஸ்டால் வைத்த நாளிலிருந்து நாலு வாரம் தள்ளி, அடுப்படி காலண்டரில் அந்தத் தேதியை வட்டம் போடுங்கள். உங்களுக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. அன்று காலை முதல் சிறுநீரில் பாருங்கள். ஒரு கோடு வந்தால் சரி. இரண்டு கோடு வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். அதுவரை காத்திருக்க மனசு கேட்கவில்லை என்றால் ரத்தத்தில் அதே ஹார்மோனின் அளவை, அதாவது பீட்டா எச்.சி.ஜி., பார்க்கலாம். ஆனால் ஒரு தடவை பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு வார இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து, இறங்கிக்கொண்டிருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். மாத்திரைக்கு முன் எடுத்த அளவு கையில் இருந்தால், ஒரு வாரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் போதும்.

ஸ்கேன்? எல்லோருக்கும் தேவையில்லை. இரண்டு மாத்திரையும் முறையாக எடுத்து, பிரச்சினை ஏதும் இல்லாதவர்கள் கட்டாயம் திரும்பி வந்துதான் ஆக வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்வதில்லை. என்னென்ன அறிகுறிக்கு வர வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால் போதும் என்கிறது. ஆனால் உங்கள் விஷயம் கொஞ்சம் வேறு. மாத்திரைக்கு முன் யாரும் உங்களைப் பரிசோதிக்கவில்லை. ஏழு வாரம் என்பது நீங்களே போட்ட கணக்கு. கர்ப்பம் கர்ப்பப்பைக்குள்தான் இருந்ததா என்பதும் தெரியாது. அதனால் இந்த வாரமே ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது என்பேன். காட்டும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். இரண்டாம் வாரத்தில் ஸ்கேன் எடுத்தால், உள்சுவர் தடிப்பாக இருக்கிறது, ரத்தக்கட்டி தெரிகிறது என்றுதான் ரிப்போர்ட் வரும். அது அங்கே இருக்க வேண்டியதுதான். ரத்தம் குறைந்துகொண்டே வந்து, வலியும் காய்ச்சலும் இல்லை என்றால், அந்தத் தடிப்பு ஒன்றுக்காகவே யாரும் உங்களை மேசையில் ஏற்றக் கூடாது.

இங்கேதான் அம்மாவின் "கழுவி விட்டுடு" வருகிறது. அவர்கள் மேல் தப்பில்லை. அவர்கள் காலத்தில் கருச்சிதைவு என்றாலே கரண்டி போன்ற கருவியால் சுரண்டுவதுதான் வைத்தியம், அதைச் செய்யாமல் விட்டவர்கள் சீழ் பிடித்துச் செத்ததையும் பார்த்திருப்பார்கள். ஆனால் தேவையில்லாத சுரண்டல்தான் கர்ப்பப்பைக்குள் தழும்பு விழச் செய்யும், மாத்திரை அதைச் செய்யாது. உண்மையிலேயே உள்ளே தங்கியிருந்தாலும் முதலில் கொடுப்பது இன்னொரு தடவை மிசோப்ரோஸ்டால், அல்லது கையால் இழுக்கும் உறிஞ்சு குழாய். ஊசி போடும் சிரிஞ்சையே பெரிதாகச் செய்தது போல இருக்கும், மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "கழுவ வேண்டிய அவசியம் வந்தா கழுவிக்கறேன், இப்ப வரலை." பத்தியம் என்று ரசம் சாதத்தில் உங்களை நிறுத்தியிருந்தால் அதையும் விடுங்கள். இத்தனை நாள் ரத்தம் போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை இங்கே சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் பங்களாதேஷ் மார்க்கெட்டில் கீரையும் ஈரலும் வாங்கிச் சமைத்துச் சாப்பிடுங்கள். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது என்றால் ஹீமோகுளோபின் பார்த்து இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கர்ப்பப்பைக்குள்தான் இருந்ததா என்று கேட்டேனே, அதற்குக் காரணம் உண்டு. கருக்குழாயிலேயே தங்கிவிட்ட கர்ப்பத்தை இந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. மாத்திரை போட்டதும் கொஞ்சம் ரத்தம் படும், முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். குழாய் மட்டும் உள்ளே வீங்கிக்கொண்டே போகும். மிசோப்ரோஸ்டால் வைத்து 24 மணி நேரத்தில் ரத்தமே வரவில்லை, அல்லது சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது, இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் குத்துகிறது, தலை சுற்றுகிறது, படுத்தால் தோள்பட்டை நுனியில் வலிக்கிறது. இதில் எது இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயிற்றுக்குள் கசியும் ரத்தம் உதரவிதானத்தில் பட்டால்தான் தோள் வலிக்கும். "வயித்துக்கும் தோளுக்கும் என்ன சிஸ்டர் சம்பந்தம்" என்று கேட்டுக்கொண்டே மயங்கி விழுந்த ஒருத்தியை நான் கையில் தாங்கியிருக்கிறேன்.

தொற்று வருவது அபூர்வம், நூற்றில் ஒருவருக்கும் குறைவு. மாத்திரை வைத்த அன்று வந்த காய்ச்சல் கணக்கில் இல்லை. அதற்கு மறுநாளுக்குப் பிறகு 38 டிகிரியைத் தாண்டினாலோ, வெள்ளைப்படுதலில் கெட்ட நாற்றம் வந்தாலோ, அடிவயிற்றைத் தொட்டாலே வலித்தாலோ ஆன்டிபயாடிக் தாமதிக்காமல் ஆரம்பிக்க வேண்டும். மிக மிக அரிதாக இன்னொரு வகை உண்டு. அதில் காய்ச்சலே இருக்காது. ஒரு நாள் கழிந்த பிறகும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிற்காது, நெஞ்சு படபடக்கும், உடம்பு என்னவோ போலிருக்கும். தெர்மாமீட்டரை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். வலிக்கு இங்கே எல்லோரும் பனாடோதான், அதாவது பாராசிட்டமால்தான் போடுகிறார்கள். இந்த வலிக்கு அது போதாது. அல்சர், சிறுநீரகக் கோளாறு எதுவும் இல்லாவிட்டால் சாப்பிட்டுவிட்டு இபுபுரொஃபென் போடுங்கள், அது மாத்திரையின் வேலையைக் கெடுக்காது. டாம்பான் வேண்டாம், பேட் வையுங்கள். பேட் என்றால்தான் எத்தனை என்று எண்ண முடியும்.

இனி வேறு யாராவது இதைப் படித்துவிட்டு மாத்திரை எடுக்க நினைத்தால் அவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். உள்ளே காப்பர்-டி இருந்தால் முதலில் அதை எடுத்தாக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், நாள்பட்ட ஸ்டீராய்டு எடுப்பவர்கள், அட்ரினல் சுரப்பிக் கோளாறு உள்ளவர்கள், கடுமையான ரத்தசோகை உள்ளவர்கள் வீட்டில் தாங்களாகவே எடுக்கக் கூடாது. பரம்பரையாக வரும் போர்ஃபீரியா இருந்தாலும் கூடாது. ஊரில் நாம் கேள்வியே பட்டிராத நோய்தான். ஆனால் தென்னாப்பிரிக்காவில் டச்சு வழி வந்த வெள்ளைக்காரர்களான ஆஃப்ரிகானர் குடும்பங்களில் அது உலகத்தில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு இருக்கிறது, அதனால் இங்கே கிளினிக்கில் கேட்பார்கள். விழிக்க வேண்டாம்.

இப்போது லைட் கம்பத்து விஷயம். வார்விக் சந்திப்பில் டாக்சி ராங்க் பக்கம் நடந்திருந்தால் பார்த்திருப்பீர்கள். கம்பம், குப்பைத்தொட்டி, பஸ் நிறுத்தம் எல்லாவற்றிலும் கருக்கலைப்பு நோட்டீஸ் ஒட்டியிருக்கும்: அதே நாளில், வலியில்லாமல், ஒரு ஃபோன் நம்பர். கீழே டாக்டர் என்று ஒரு பெயர் இருக்கும், அவர் டாக்டர் இல்லை. அங்கே கிடைப்பது பெரும்பாலும் ஆறு மூலை உள்ள வெள்ளை மாத்திரை. இங்கே அல்சருக்கென்று பதிவான சைட்டோடெக், அதாவது மிசோப்ரோஸ்டால் மட்டும். மிஃபெப்ரிஸ்டோன் இல்லாமல் அது மட்டும் என்றால் தோல்வி அதிகம். எத்தனை மாத்திரை, எந்த இடைவெளியில் என்றும் யாரும் சொல்வதில்லை.

ஒரு இரவு நினைவிருக்கிறது, நான் அப்போது வேலை பார்த்த இடத்தில். பத்தொன்பது வயதுப் பெண். கையில் காசு போடும் பிளாஸ்டிக் உறை, அதற்குள் மிச்சம் ஒரு மாத்திரை, உறையின் மேல் பேனாவால் 4 என்று எழுதியிருந்தது. நாலு மாத்திரையா, நாலு மணி நேரத்துக்கு ஒன்றா, அவளுக்கே தெரியாது. எட்டு வாரம் என்றாள். வயிற்றில் கை வைத்தேன், கர்ப்பப்பை தொப்புளுக்கு இரண்டு விரல் கீழே நின்றது. அது எட்டு வாரம் இல்லை, பதினெட்டு. அந்த மாதத்தில் தானாக மாத்திரை போட்டால் ரத்தம் வேறு மாதிரி போகும், முன்பு சிசேரியன் ஆனவர்களுக்குக் கர்ப்பப்பை கிழியவும் கூடும். அவள் பிழைத்துக்கொண்டாள். அன்று டூட்டியில் இருந்த ஒருவர் அவளைத் திட்டிக்கொண்டே டிரிப் போட்டார். அவள் உடம்பில் ஏற்பட்ட காயத்தைவிட அந்தத் திட்டுத்தான் அவளை மறுநாள் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட வைத்தது. திரும்பி வரவே இல்லை.

இத்தனைக்கும் இந்த நாட்டில் ஒளிந்து செய்ய வேண்டிய காரியம் இல்லை இது. 1996-ல் வந்த கருக்கலைப்புச் சட்டம், 1997 பிப்ரவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. 12 வாரம் வரை காரணம் சொல்லத் தேவையில்லை, கேட்டாலே போதும். 13 முதல் 20 வாரம் வரை குறிப்பிட்ட காரணங்களுக்காக, டாக்டர் மூலம். அதற்கு மேல் உயிராபத்து போன்ற வெகு சில நிலைகளில் மட்டும். கணவர் கையெழுத்து வேண்டியதில்லை, பெற்றோர் கையெழுத்தும் வேண்டியதில்லை. அரசு கிளினிக்கில் இதை டி.ஓ.பி. (டெர்மினேஷன் ஆஃப் பிரெக்னன்சி) என்பார்கள், காசு கிடையாது. 2003-ன் தேசிய சுகாதாரச் சட்டம் இந்த இலவசத்தைப் பெண்கள் என்று பொதுவாகத்தான் சொல்கிறது, குடிமகள் என்று சொல்லவில்லை. 1994-க்கும் 2001-க்கும் இடையில் கருக்கலைப்பால் நேர்ந்த தாய் மரணம் இங்கே 91 சதவீதம் குறைந்தது. மாத்திரை மாறியதால் குறையவில்லை, வாசல் திறந்ததால் குறைந்தது.

வாசலில் வரிசை நீளம்தான், எல்லா கிளினிக்கிலும் இந்தச் சேவை இல்லை, முகம் சுளிக்கும் சிஸ்டரும் இருப்பார். மறுக்க மாட்டேன். ஆனால் நீங்கள் இப்போது போவது கலைக்க அல்ல, கலைந்த பிறகான கவனிப்புக்கு. கருச்சிதைவு ஆனவருக்கும் உங்களுக்கும் ஒரே வைத்தியம்தான். அதைக் கொடுக்க மனசாட்சி தடுக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று அரசியல் சட்டம் 27-ஆம் பிரிவிலேயே எழுதி வைத்திருக்கிறது. தானாகக் கலைந்தது என்று பொய் சொல்லாதீர்கள், தேதியும் மாத்திரையும் சரியாகத் தெரிந்தால்தான் எதிரில் இருப்பவர் கணக்குப் போட முடியும். இந்தச் சட்டத்தில் ஜெயில் என்பது முக்கியமாகத் தகுதியில்லாமல் செய்கிறவருக்கும், முறையாகச் செய்யப் போகும் பெண்ணைத் தடுக்கிறவருக்கும். உங்கள் பெயர் வெளியே போகாது. தமிழ் சங்கத்துக்கும் போகாது, கோவிலுக்கும் போகாது. நம்மாட்கள் இங்கே அதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

இன்னொரு குழந்தையா? பிறக்கும். மாத்திரையால் மலட்டுத்தன்மை வருவதில்லை. உண்மையில் எதிர்ப்பக்கம்தான் கவனிக்க வேண்டும். முதல் மாத்திரை எடுத்த எட்டாம் நாளே கூட அடுத்த கருமுட்டை வெளிவரலாம். ரத்தம் படும்போது எப்படித் தரிக்கும் என்று நினைத்தவர்கள் இரண்டு மாதத்தில் மறுபடி வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஊசி, கையில் வைக்கும் இம்பிளான்ட், மாத்திரை எதையும் இப்போதே ஆரம்பிக்கலாம். காப்பர்-டி மட்டும் முழுவதும் முடிந்துவிட்டது என்று உறுதியான பிறகு. உங்கள் ரத்த வகை நெகட்டிவா என்று கேட்பார்கள். 12 வாரத்துக்குள் என்றால் ஆன்டி-டி ஊசி தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொல்லிவிட்டது. சில டாக்டர்கள் பழக்கத்தில் போடுவார்கள், போட்டாலும் கெடுதல் இல்லை.

அழுகை வருகிறது என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஹார்மோன் சட்டென்று இறங்கும்போது வரும், பிரசவத்துக்குப் பிறகு வருவது போல. தப்பு செய்துவிட்டோம் என்பதற்கு அது அத்தாட்சி இல்லை. இரண்டு மூன்று வாரம் தாண்டியும் தூக்கமில்லை, குழந்தையைத் தூக்கவே மனமில்லை என்றால் அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள்.

நாளைக் காலை கிளம்பும்போது பாஸ்போர்ட், தண்ணீர், இரண்டு பேட், கடைசி மாதவிடாய் தேதி எழுதிய சீட்டு, அப்புறம் அந்தக் காலி மாத்திரை அட்டை. குப்பையில் போட்டிருந்தால் கணவரைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே போனதும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.